ஜி2-லிருந்து ஜி3-க்கு: 24 வீட்டு வேலை வருகிறது, எடுக்கலாமா?

தூக்குக்குண்டு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்டில் சின்னக் கட்டுமானக் கம்பெனி வைத்திருக்கிறேன். அப்பா தோட்டத்துக் கொத்தனார். லயத்து வீடுகளின் பூச்சு, கோயில் மதில், வடிகால் எல்லாம் அவர் கைவேலை. தோட்டம் கைமாறியதும் பட்டணத்துக்கு வந்தோம். 2013-ல் என் பேரில் பதிந்தேன். இப்போது சி.ஐ.டி.பி.யில், அதாவது கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியத்தில், ஜி2 தரம். ஆட்கள் 14 பேர். ஒன்பது பேர் வெளிநாட்டவர், ஐந்து பேர் நம் ஊர்ப் பையன்கள். வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு லட்சம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வேலை ஓடுகிறது. வீட்டுப் பின்கட்டை நீட்டுவது, போர்ச் போடுவது, பள்ளிக்கூடக் கழிப்பறைப் பழுது, இப்படி.

முன்பு நான் இரண்டு சின்ன வேலை செய்துகொடுத்த ஒரு மெயின் கொன் (முதன்மை ஒப்பந்தக்காரர்) போன வாரம் கூப்பிட்டார். 24 ஒற்றை மாடி வீடுகள். செங்கல் கட்டு, பூச்சு, தரை, பொருளும் கூலியும் நம்முடையது. மொத்தம் 8 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி, எட்டு மாதத்தில் முடிக்க வேண்டும். ஜி2-க்கு 5 லட்சம்தான் உச்சம், ஆகவே 10 லட்சம் வரை எடுக்கக்கூடிய ஜி3-க்கு ஏற வேண்டும். அதற்கு மூலதனம் 50,000 வெள்ளி காட்ட வேண்டும், தகுதியுள்ள ஆளும் வேண்டும். மூன்று வாரத்தில் பதில் கேட்கிறார்.

மச்சான் "விட்டுடாதீங்க" என்கிறார். வீட்டில், "மூணு சைட்டுக்கே நீங்க வீடு வர ராத்திரி எட்டாகுது, இது வேறயா" என்கிறார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

லயத்துப்பையன் எழுதியது:

எடுங்கள் அண்ணே. மெயின் கொன் தானாகக் கூப்பிடுகிறார் என்றால் உங்கள் வேலை சுத்தம் என்றுதானே அர்த்தம். நம்மவர்களுக்கு இப்படிக் கதவு அடிக்கடி திறப்பதில்லை. எடுத்துவிட்டால் ஆள், பணம் எல்லாம் பின்னாலேயே வரும்.

கணக்கு அக்கா எழுதியது:

தம்பி, ஈப்போவில் 19 வருடமாகச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், கட்டுமானக்காரர்கள்தான் பாதிக்கு மேல். "எடுக்கலாமா" என்று யோசிக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம்.

8,40,000-ஐ எட்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,05,000. லாபம் 12 விழுக்காடு என்று வைத்தால் மாதச் செலவு 92,400. மாதக் கடைசியில், செய்த வேலைக்குப் பணம் கேட்டுக் கிளேம் போடுவாய். அளந்து பார்த்துக் கையெழுத்தாக இரண்டு மூன்று வாரம், அதற்கு மேல் பணம் வர 30 நாள். ஆக முதல் காசைக் கண்ணால் பார்க்க 75 நாள் ஆகிவிடும். அதுவரை உன் கையிலிருந்து போயிருப்பது இரண்டரை மாதச் செலவு, 2,31,000 வெள்ளி. செலவில் பாதி பொருள், கடைக்காரர் 30 நாள் தவணை தருகிறார் என்றால் 46,200 கழியும். அப்போதும் 1,84,800.

அடுத்து ரிட்டென்ஷன். ஒவ்வொரு கிளேமிலும் 10 விழுக்காடு பிடிப்பார்கள், மொத்த ஒப்பந்தத்தில் 5 விழுக்காடு சேரும் வரை. உன் வேலையில் அது 42,000. மொத்த லாபமே 1,00,800-தான் தம்பி. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வேலை முடியும் வரை பூட்டிக் கிடக்கும். முடிந்ததும் பாதி தருவார்கள். மீதிப் பாதி பழுதுப் பொறுப்புக் காலம் முடிந்த பிறகு.

நஷ்டத்தில் மூடிய கம்பெனிகளை விட, லாபம் எழுதிய ஏட்டோடு கையில் காசில்லாமல் மூடிய கம்பெனிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உன் கையிருப்பு எவ்வளவு என்று சொல், மேலே பேசுவோம்.

தூக்குக்குண்டு எழுதியது:

அக்கா, கம்பெனிக் கணக்கில் 70,000. நிரந்தர வைப்பில் 30,000, அது பெரிய பொண்ணு படிப்புக்கு. கடையில் 30 நாள் தவணை உண்டு. நீங்கள் போட்ட கணக்கை வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து ராத்திரி பன்னிரண்டு வரை பார்த்தோம். எங்கே குறைத்தாலும் 80,000-க்கு மேல் உதைக்கிறது.

பழைய மண்டோர் எழுதியது:

தம்பி, பணத்தை அந்த அம்மா பார்த்துக்கொள்ளட்டும். நான் வேறு ஒன்று கேட்கிறேன். நாளைக்குக் காலையில் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள். ராத்திரி வரைக்கும் உனக்கு வரும் போன் எல்லாவற்றையும் எழுது: யார் கூப்பிட்டார், என்ன கேட்டார், அதற்கு நீதான் பதில் சொல்லியாக வேண்டுமா. மூன்று நாள் எழுதிவிட்டு இங்கே வா.

அளவுநாடா எழுதியது:

நானும் சுங்கை சிப்புட் பெண்தான் அண்ணா, இப்போது கோலாலம்பூரில் குவாண்டிட்டி சர்வேயர், அதாவது கட்டுமான அளவும் செலவும் கணக்கிடும் வேலை. தொகை எவ்வளவாக இருந்தாலும் சரி, கடிதம் கையில் வராமல் ஒரு செங்கல் கூட வைக்காதீர்கள். எங்கள் மாமா கடைவீடு ஒன்றின் பூச்சு வேலையை வாய்ப்பேச்சில் எடுத்தார். 60,000 வெள்ளிக்கு மேல் நின்றுபோனது. கேட்டால் "மேலிருந்து இன்னும் வரவில்லை" என்பார்கள். அவர் கையில் இருந்தது சில வாட்ஸ்அப் செய்தியும் சிமெண்ட் ரசீதுகளும்தான்.

நம் நாட்டில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. கட்டுமானத் துறைப் பணம் செலுத்துதல், தீர்ப்பளிப்புச் சட்டம் 2012, நாங்கள் சிப்பா என்போம். 2014 ஏப்ரல் 15-லிருந்து நடப்பில் உள்ளது. "எனக்கு மேலிருந்து வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்ற ஷரத்து செல்லாது என்று 35-ஆம் பிரிவே சொல்கிறது. பணம் நின்றால் கிளேம் கடிதம் கொடுக்கலாம், எதிர்த்தரப்பு 10 வேலை நாளில் பதில் தர வேண்டும். அப்படியும் வழிக்கு வராவிட்டால் தீர்ப்பாளரிடம் போகலாம். வழக்குமன்றம் போல வருடக்கணக்கில் இழுக்காது. இரு தரப்பும் எழுதிக் கொடுத்த பிறகு 45 வேலை நாளில் தீர்ப்பு. தீர்ப்பு வந்தும் மெயின் கொன் தராவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரிடமே நேராகக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் இவ்வளவும் எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்குத்தான். மாமாவுக்குக் கிடைக்காமல் போனது அதனால்தான். அவர் இப்போது கம்பெனி நடத்தவில்லை, இன்னொருவரிடம் நாள் கூலிக்குப் போகிறார். 57 வயது.

கடிதத்தில் அளக்கும் தேதி, பணம் தரும் நாள், ரிட்டென்ஷன் திரும்பும் நாள் மூன்றும் எண்ணால் எழுதியிருக்க வேண்டும். "உரிய காலத்தில்" என்று போட்டுக் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

மட்டப்பலகை எழுதியது:

படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. கூலிம் பக்கம். 2018-ல் நீங்கள் நிற்கும் இடத்தில்தான் நானும் நின்றேன். இரண்டு சைட் வைத்திருந்தவன் ஒரே வருடத்தில் ஐந்து சைட் எடுத்தேன். பணத்துக்கு வங்கிக் கடன் கிடைத்தது, ஆளும் கிடைத்தார்கள். கிடைக்காதது கண். ஐந்து இடத்தில் பார்க்க என்னிடம் இரண்டு கண்தான் இருந்தது.

ஒரு நாள் மதியம் மூன்றாவது சைட்டுக்கு மெயின் கொன்னின் மேற்பார்வையாளர் வந்தார். பையிலிருந்து 50 காசு நாணயத்தை எடுத்துச் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக், டக் என்று வந்த சத்தம் சன்னலுக்குக் கீழே போனதும் டொப் என்று மாறியது. சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். நாலு அடி தள்ளி இன்னொரு டொப், இன்னொரு வட்டம். அந்தச் சுவர் முடியும்போது 11 வட்டம். அன்றைக்கு ஆறு வீடு தட்டினார். செங்கல்லை நனைக்காமல், இரண்டு தடவையாகப் பூச வேண்டியதை ஒரே தடவையில் தடியாக அப்பியிருக்கிறார்கள். பூச்சு சுவரைப் பிடிக்கவே இல்லை, தோல் மாதிரி நின்றிருக்கிறது. ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். சீக்கிரம், சீக்கிரம் என்று நான் போனில் கத்தினேன், அவர்கள் சீக்கிரமாகச் செய்தார்கள். நின்று பார்த்து "இதை உடை, நனைத்துவிட்டுப் பூசு" என்று சொல்ல அங்கே என் பேரில் ஒருவர் இல்லை.

உடைத்துப் பூசிய செலவில் அந்த வேலையின் லாபம் முழுதும் போனது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் சம்பளம் தாமதமானது, என்னோடு ஏழு வருடம் இருந்த கொத்தனார் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்து சைட் எல்லாம் மூடியபோது என்னிடம் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கூட இருப்பு இல்லை. இப்போது மறுபடி இரண்டு சைட்டோடு இருக்கிறேன், ஆனால் இரண்டுக்கும் தனித்தனி மேற்பார்வையாளர். மூன்றாவது ஆளைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் தயாராகும் வரை மூன்றாவது சைட் கிடையாது.

தூக்குக்குண்டு எழுதியது:

அண்ணே, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சன்னலுக்குக் கீழதான் எப்பவும் விடும்" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசினார். எனக்கு வேலையைக் கற்றுக் கொடுத்த மாதிரி நான் யாருக்கும் கற்றுக் கொடுக்கவில்லை என்பது அவர் மனதில் இருந்திருக்கிறது.

மண்டோர் ஐயா, மூன்று நாளும் எழுதினேன். செவ்வாய் 41 போன், புதன் 36, வியாழன் 44. செவ்வாய்க்கிழமையை மட்டும் பிரித்துப் பார்த்தேன். நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒன்பது: விலை பேசுவது, வீட்டுக்காரர் மாற்றம் கேட்பது, வங்கி. மற்ற 32-ம் இப்படி: "மணல் லோரி வந்திருக்கு, எங்க கொட்டறது?" "நாலு இஞ்சா, நாலரை இஞ்சா?" "சிமெண்ட் இன்னும் ஆறு பைதான் இருக்கு." "மழை வருது, பூசவா நிறுத்தவா?" ஒரே ஆள், ஒன்பது வருடமாக என்னோடு இருக்கும் தம்பி, அன்றைக்கு 13 தடவை கூப்பிட்டிருக்கிறான். எல்லாமே அவனுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் ஏன் கேட்கிறான் என்று யோசித்தேன். போன வருடம் அவனாக முடிவெடுத்து ஒரு சுவரை ஒரு அடி தள்ளிக் கட்டினான். ஆட்கள் முன்னால் அவனைத் திட்டினேன். அன்றிலிருந்துதான் இந்தப் போன்கள்.

பழைய மண்டோர் எழுதியது:

இதை எழுத மனசு வேண்டும் தம்பி. உன் 24 வீட்டுக்குத் தடையாக நிற்பது அந்த 32 போன். வேலை மூன்று மடங்கானால் போன் நூறு வரும், நீ ஒரு சைட்டிலும் முழுதாக இருக்க மாட்டாய்.

அந்தப் பையனிடம் போய்ப் பேசு. ஆட்கள் முன்னால் திட்டியதற்கு ஆட்கள் முன்னாலேயே பேசு.

லயத்துப்பையன் எழுதியது:

எல்லோரும் பெரியவர்கள், மரியாதையோடு சொல்கிறேன். இப்படி ஒவ்வொன்றுக்கும் பொறுத்துப் பொறுத்துத்தான் நம் ஆட்கள் ஜி1, ஜி2-லேயே நிற்கிறார்கள். கடன் வாங்காமல், துணியாமல் யார் பெரிதானார்கள்? ஆள் தயாராகட்டும் என்று இருந்தால் அந்த 24 வீட்டை வேறொருவர் கட்டி முடித்துவிடுவார். என் அப்பா 30 வருடம் இன்னொருவருக்குக் கம்பி கட்டினார். நான் அப்படி இருக்க விரும்பவில்லை.

பழைய மண்டோர் எழுதியது:

நீ சொல்வதில் உள்ள வலி எனக்குத் தெரியும், நானும் லயத்தில் பிறந்தவன்தான். வளர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பால்மரம் (ரப்பர்) நட்டால் ஐந்து ஆறு வருடம் கத்தி வைக்க மாட்டார்கள். சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்திருக்கிறதா என்று நாடா பிடித்துப் பார்த்துத்தான் வெட்டத் திறப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால் பால் வரும், ஆனால் மரம் பருக்காது. செம்பனைக்கும் ஒரு கணக்கு உண்டு. 25 வருடத்தில் மரம் கிழடாகும். முழுத் தோட்டத்தையும் ஒரே வருடத்தில் வெட்டி நட்டால் மூன்று வருடம் வருமானம் இல்லை. அதனால் வருடத்துக்கு நூற்றுக்கு நாலு பங்கு என்று பிரித்து நடுவார்கள். ஒரு பக்கம் கன்று, ஒரு பக்கம் காய்ப்பு. 40 வருடம் இந்த வேலையைத்தான் பார்த்தேன்.

நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவசரம் என்றால் அதுதான் அவசரம். அப்போதும் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத்தான் தோட்டம் வாங்கினார்கள். துணிச்சல் இல்லாமலா அதைச் செய்தார்கள்?

கணக்கு அக்கா எழுதியது:

லயத்துப்பையன் தம்பி, கடன் தப்பில்லை. இயந்திரத்துக்கும் லோரிக்கும் வாங்கு. சம்பளத்துக்குக் கடன் வாங்கும் நாள் வந்தால் என்னைக் கூப்பிடு.

தூக்குக்குண்டு தம்பிக்கு: மூன்று வருடத் திட்டம் ஒன்றை ஒரே தாளில் எழுது. எல்லோரும் முதல் வரியில் "இந்த வருடம் 10 லட்சம், அடுத்த வருடம் 20 லட்சம்" என்று எழுதுவார்கள். நீ முதல் வரியில் மேற்பார்வையாளர் எத்தனை பேர் என்று எழுது. ஒருவரால் எத்தனை வெள்ளி வேலையைப் பார்க்க முடியும் என்று உன் பழைய வேலைகளிலிருந்தே தெரியும். உனக்குச் சுமார் மூன்று லட்சம் என்று நினைக்கிறேன். அதைப் பெருக்கினால் வேலைத் தொகை வரும். அந்தத் தொகைக்கு எவ்வளவு இருப்பு வேண்டும் என்பது மூன்றாவது வரி. இந்த வரிசையை மாற்றாதே.

ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 2024 ஜூன் 1 முதல் சட்டம். உனக்கு 14 பேர். அந்த ஒன்பது வருடத் தம்பியையே பயிற்சிக்கு அனுப்பு. பொறுப்புக்குத் தாளும் இருக்கும், அவனுக்கும் ஒரு நிமிர்வு வரும். அப்புறம், 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்திருக்கிறது, 12 மாதத்தில் 15 லட்சம் வெள்ளிக்கு மேல் போனால் பதிய வேண்டும். குடியிருப்பு வீட்டுக்கு விலக்கு உண்டு. இப்போதே வீட்டு வேலை பில்லையும் மற்ற பில்லையும் தனித்தனி ஏட்டில் வை.

தூக்குக்குண்டு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மெயின் கொன்னைப் போய்ப் பார்த்தேன். 24 வீடு இப்போது என்னால் சுத்தமாகச் செய்ய முடியாது, எட்டு வீடு கொடுங்கள் என்றேன். கோபப்படுவார் என்று பயந்தேன். "முடியாதுன்னு முன்னாடியே சொல்ற ஆள் எனக்கு வேணும்" என்றார். மீதி 16 வேறொருவருக்குப் போனது, அதில் கொஞ்சம் வருத்தம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு 35,000, எட்டு வீட்டுக்கு 2,80,000, நாலு மாதம். ஜி2-க்குள்ளேயே அடங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு கிளேம், போட்ட 30 நாளில் பணம் என்று தேதியோடு கடிதம் வாங்கிவிட்டேன். அளவுநாடா தங்கச்சிக்கு நன்றி, நீங்கள் சொன்ன மூன்றும் எண்ணில் இருக்கிறது. முதல் காசு வரும் வரை கடைத் தவணை போக 61,600 வேண்டும். இருப்பு தாங்கும், பொண்ணு படிப்புப் பணத்தில் கை வைக்கவில்லை.

கணக்கு அக்கா எழுதியது:

நல்லது தம்பி. ஒன்றை மட்டும் கவனி. இரண்டு வாரத்துக்கு 35,000 கிளேம், 3,500 பிடித்தால் கைக்கு 31,500. உன் செலவு 30,800. ரிட்டென்ஷன் 14,000 நிறையும் வரை, அதாவது முதல் நாலு கிளேமுக்கு, ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது 700 வெள்ளிதான். ஐந்தாவதிலிருந்து 4,200. அந்த முதல் நாலில் லோரி டயர் வெடித்தாலும் வேறு கணக்கிலிருந்து எடுக்காமல் இருக்க 5,000 தனியாக ஒதுக்கி வை.

மட்டப்பலகை எழுதியது:

சைட் யார் கையில்?

தூக்குக்குண்டு எழுதியது:

அந்த ஒன்பது வருடத் தம்பி கையில்தான் அண்ணே. மண்டோர் ஐயா சொன்னபடி ஆட்கள் எல்லோரும் தேநீர் குடிக்கும் நேரத்தில் பேசினேன். போன வருடம் திட்டியது என் தப்பு என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். 500 வெள்ளி வரை பொருளை அவனே வாங்கலாம், ஆட்களை அவனே பிரித்துவிடலாம், பூச்சைத் தட்டிப் பார்க்காமல் அடுத்த சுவருக்குப் போகக் கூடாது, இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். நான் புதனும் சனியும் மட்டும் போகிறேன்.

போன சனிக்கிழமை இரண்டாவது வீட்டில் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது, பின் சன்னலுக்கு மேலே வரும் லிண்டல் கட்டையும் கதவின் லிண்டலும் ஒரே மட்டத்தில் இல்லை, முக்கால் இஞ்சு. வாய் வரை வந்தது. அப்பாவும் கூட இருந்தார், என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேரும் மணல் குவியல் பக்கத்தில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் உள்ளே தம்பியின் சத்தம் கேட்டது, மட்டம் பார்க்கும் தண்ணிக் குழாயை எடுத்து வரச் சொல்கிறான். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிற்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றான், கதவுப் பக்கம் ஒரு கோடு, சன்னல் பக்கம் ஒரு கோடு. பிறகு உளியைக் கேட்டான்.

அவன் என்னைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு மொத்தம் 17 போன், அந்தச் சைட்டிலிருந்து இரண்டு.